தராசு 618, ப்ரொசஸ் 618

போன வருஷம் ஒக்டோபரில் ஒரு சாயங்காலம், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மடுவத்தில் 37 நிமிடம் நிறுவை நின்றுபோனது. நிறுத்தியது நான்தான். ஹட்டனில் கடைக்குள் உட்கார்ந்தபடி டீபக்கரை, அதாவது ப்ரோகிராமின் கோளாறைத் தேடும் கருவியைத் திறக்க ஒரே ஒரு வரி தட்டினேன், அவ்வளவுதான். அது என் வேலை என்று எனக்கே தெரியவர இரண்டு நாள் பிடித்தது. அதற்குள் பழைய யூபிஎஸ், யூஎஸ்பி கேபிள், இடி மின்னல் என்று வரிசையாக எல்லாவற்றின் மேலும் பழி போட்டு முடித்திருந்தேன்.

முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மடுவம் என்றால் எங்கள் பக்கம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அங்கே ஒரு மின்னணுத் தராசு, அதிலிருந்து சீரியல் வயர், ஒரு சின்ன கொம்பியூட்டர். கொம்பியூட்டரில் டெபியன் 10 லினக்ஸ், அதன் மேல் மரியாடிபி டேட்டாபேஸ், அப்புறம் சி++இல் நாங்கள் எழுதிய நிறுவை ப்ரோகிராம். சாக்கைத் தராசில் வைத்ததும் எடை வரும், ப்ரோகிராம் சாக்குக் கழிவைக் கழித்து ஆளின் பெயரில் பதியும், திரையில் கிலோ தெரியும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான், அதனால் அந்தத் திரையை எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். கணக்கப்பிள்ளை ஐயா மட்டும் இன்றைக்கும் பக்கத்தில் கொப்பியை விரித்தே வைத்திருப்பார், அந்தப் பழக்கம் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

ப்ரோகிராமைத் தொடங்கும்போது அதற்குச் சில விவரம் கொடுக்க வேண்டும். முதலாவது தராசின் இலக்கம், இரண்டாவது எடை எங்கிருந்து வருகிறது என்பது. நிஜத்தில் அது சீரியல் போர்ட். சோதனை செய்யும்போது போர்ட்டுக்குப் பதிலாக, தராசு முன்பு அனுப்பிய வரிகளைச் சேமித்து வைத்த பதிவுக் கோப்பு ஒன்றைக் கொடுப்போம், அப்போது டேட்டாபேஸுக்கு எதுவும் எழுதாது. தராசின் இலக்கம் 618. தோட்டத்துச் சொத்துப் பதிவில் இருக்கும் இலக்கம் அது, தராசின் பக்கவாட்டில் வெள்ளை பெயின்டில் எழுதியிருக்கும். இந்த மூன்று இலக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் ப்ரோகிராமில் ஏற்கனவே ஒரு கோளாறு இருந்தது. வாரத்தில் ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை, தானாகச் செத்துப்போய் மறுபடி எழும்பும். பெரும்பாலும் கரன்ட் போய் வந்த நாளில். அதைப் பிடிக்கத்தான் ஜிடிபி. (ஜிடிபி என்றதும் நம் நாட்டில் மொத்த உள்நாட்டு உற்பத்திதான் ஞாபகம் வரும். இது 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்துக்காக எழுதிய டீபக்கர்.) நான் வழக்கமாகத் தட்டும் வரி இப்படி இருக்கும்:

சுடோ ஜிடிபி ./நிறுவை 618 பதிவு

சுடோ என்றால் கட்டளையை ரூட்டின், அதாவது மெஷினில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கின் பெயரில் ஓட்டுவது. பதிவுக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமான கோப்புறையில் இருந்ததால்தான் சுடோ. வேறு காரணம் இல்லை, அனுமதியை ஒழுங்காகச் செட் பண்ணச் சோம்பல்.

இந்த வரியைப் பார்த்ததும் ஜிடிபி தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். 618ஐயும் பதிவையும் நிறுவை ப்ரோகிராமுக்குக் கொடுப்பதாக நான் நினைத்தேன். ஜிடிபி அப்படி வாசிப்பதில்லை. சும்மா ஜிடிபி என்று தொடங்கினால், ஒப்ஷன் அல்லாத முதல் சொல் ப்ரோகிராமின் பெயர், இரண்டாவது சொல் கோர் கோப்பு, அதாவது செத்த ப்ரோகிராம் விட்டுப்போன நினைவகப் படம். அந்த இரண்டாவது சொல் எண்ணில் தொடங்கினால் இன்னும் மோசம். அது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ரொசஸின் எண்ணாக (ஓடும் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் லினக்ஸ் ஓர் எண் கொடுக்கும்) இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, முதலில் அதனுடன் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒரு ப்ரொசஸ் இல்லை என்றால்தான் அந்தப் பெயரில் கோர் கோப்பு இருக்கிறதா என்று தேடும். மூன்றாவது சொல்லை அதிகப்படி என்று சொல்லித் தள்ளிவிடும்.

அப்படியானால் மாதக்கணக்கில் இந்த வரி எப்படி ஓடியது? இந்தக் கேஸில் எனக்கு ரொம்பக் கூச்சமான இடம் இதுதான், ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் புரியாது. ஓடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஜிடிபி மூன்று முறைப்பாடு சொல்லும்: அப்படி ஒரு ப்ரொசஸ் இல்லை, 618 என்று ஒரு கோப்பும் இல்லை, அதிகப்படிச் சொல்லைக் கண்டுகொள்ளவில்லை. சொல்லிவிட்டுத் தன் குறியைக் காட்டி நிற்கும். நான் அந்த மூன்று வரியையும் வாசிக்காமல் ரன் 618 பதிவு என்று உள்ளே தட்டுவேன், ப்ரோகிராம் ஓடும், ஏனென்றால் ரன்னுக்குப் பின்னால் கொடுப்பது உண்மையிலேயே ப்ரோகிராமுக்குத்தான் போகும். ஆக முதல் வரியில் இருந்த 618 எந்த வேலையும் செய்யாத குப்பை. ஆனால் அந்தக் குப்பை ஷெல்லின் ஹிஸ்டரியில், அதாவது முன்பு தட்டிய கட்டளைகளின் பட்டியலில் பத்திரமாக இருந்தது, மேல் அம்புக்குறியை அமத்தினால் அதுதான் வரும், நானும் அதையே திரும்பத் திரும்ப அனுப்பினேன். எப்போதும் வருகிற எரர் என்று ஒன்று நம் எல்லோரிடமும் இருக்கும்தானே, எனக்கு இது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். பிற்பகல் 3.50க்கு இடியோடு மழை, கரன்ட் போனது. யூபிஎஸ்ஸின் பேட்டரி கிழம், இரண்டு நிமிடம்கூடத் தாங்காமல் கொம்பியூட்டரும் அணைந்தது. 4.05க்குக் கரன்ட் வந்து எல்லாம் எழும்பியது. கரன்ட் போய் வந்த நாளில்தான் கோளாறு வரும் என்று தெரியும், அதனால் புதிதாக விழுந்த பதிவை உடனே பார்த்துவிடலாம் என்று ஹட்டனிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனேன். வழக்கமாக இந்தச் சோதனையை ராத்திரியில்தான் செய்வேன், நிறுவை நேரத்தில் தொடுவதில்லை. அன்றைக்கு மட்டும் அவசரம். 4.31க்கு மேல் அம்புக்குறி, என்டர்.

இந்தத் தடவை வழக்கமான மூன்று முறைப்பாடு வரவில்லை. ப்ரொசஸ் 618 உடன் இணைகிறேன் என்று ஒரு வரி, அதன் பின்னால் லைப்ரரிகளைப் பற்றி ஏழெட்டு வரி, அப்புறம் குறி. 618 என்று பார்த்ததும் என் மனசு நிம்மதியாகிவிட்டது, நம்ம தராசு இலக்கம்தானே. வழக்கம்போல ரன் 618 பதிவு என்று தட்டினேன். ப்ரோகிராம் ஏற்கனவே தொடங்கிவிட்டது, முதலிலிருந்து தொடங்கவா என்று கேட்டது. இது எப்போதும் கேட்காத கேள்வி. யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. எதற்கும் வேண்டாம் என்று ஆங்கிலத்து ‘என்’ (n) எழுத்தை அமத்திவிட்டு ஃபோனை எடுத்தேன்.

“தம்பி, திரை அப்படியே நிக்குது. தராசுல எட வருது, பேருல ஏற மாட்டேங்குது. நாப்பது பேருக்கு மேல நனைஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க.”

“கரன்ட் போய் வந்ததுதான் ஐயா. பாக்குறேன், கொஞ்சம் பொறுங்க.”

“பொறுக்கிறதா? நான் கொப்பியில எழுதுறேன், நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க.”

இன்னொரு விண்டோவில் உள்ளே போய்ப் பார்த்தேன். நிறுவை சேவை: ஓடுகிறது. மரியாடிபி: ஓடுகிறது. லொக்கில் எரர் ஒன்றுமில்லை. டேட்டாபேஸுக்குள் நுழையப் பார்த்தால் மறுப்பும் வரவில்லை, கடவுச்சொல் தப்பு என்றும் வரவில்லை, வெறுமனே நின்றது. இது ஏன் என்று இப்போது தெரியும். ப்ரோகிராம் இணைப்புக்காகத் திறந்து வைத்திருக்கும் சொக்கெட்டுக்கு வருகிற இணைப்பை லினக்ஸின் உள்மையமான கேர்னல் வாங்கி வரிசையில் வைத்துவிடும், உள்ளே இருப்பவர் உறைந்துபோயிருந்தாலும் வாசல் திறந்துதான் இருக்கும். வந்தவர் வாசலிலேயே காத்திருப்பார். டேட்டாபேஸ் செத்திருந்தால் உடனே மறுப்பு வந்திருக்கும், நானும் ஐந்து நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்திருப்பேன். சாகாமல் உறைந்ததுதான் வில்லங்கம்.

கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னேன். தராசை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. 5.08க்கு, முழுசாக ரீபூட் பண்ணிவிடலாம் என்று முடிவெடுத்து, அதற்கு முன் திறந்து கிடந்த ஜிடிபியை மூடினேன். ப்ரொசஸ் 618 விடுவிக்கப்படும், சரியா என்று கேட்டது. ஆம் என்றேன். ரீபூட் கட்டளையைத் தட்டி முடிப்பதற்குள் ஃபோன்.

“வந்துருச்சு தம்பி! என்ன செஞ்சீங்க?”

கேபிள்தான் ஐயா என்று சொன்னேன். வாய் கூசாமல்.

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போய்ப் புதுக் கேபிள் மாட்டிவிட்டு, யூபிஎஸ் மாற்ற வேண்டும் என்று ஒரு கடதாசியும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். (யூபிஎஸ் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை.)

பிடிபட்டது கொப்பியால். கணக்கப்பிள்ளை ஐயா அந்த 37 நிமிடத்தில் கையால் எழுதியதை டேட்டாபேஸில் ஏற்றும்போது ஒரு சாக்கு இரண்டு தடவை விழுந்திருந்தது, ஒரே அக்கா, ஒரே எடை, 11.4 கிலோ. கொப்பியில் ஒன்று, டேட்டாபேஸில் ஒன்று. டேட்டாபேஸில் இருந்ததற்கான நேரம் 5.08. அந்த நேரத்தில் அந்த அக்கா வீட்டுக்கே போயிருப்பார். அதாவது 4.31க்கு ப்ரோகிராம் அனுப்பிய பதிவு அங்கேயே நின்று, 5.08க்கு உள்ளே போயிருக்கிறது. கேபிள் பழுதென்றால் எடையே வந்திருக்காது, இப்படித் தாமதமாக உள்ளே விழாது. அப்போதுதான் டேட்டாபேஸ் பக்கம் திரும்பினேன்.

மரியாடிபி எழும்பும்போது தன் லொக்கில் இன்ன எண் ப்ரொசஸாகத் தொடங்குகிறேன் என்று ஒரு வரி எழுதும். அன்று 4.05க்கு எழுதிய வரியில் எண் 618. சுடோ வழியாக ஓடும் ஒவ்வொரு கட்டளையும் நேரத்தோடு பதிவாகும். அங்கே 4.31க்கு ஜிடிபி, நிறுவை, 618. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் காது சுட்டது.

கரன்ட் போகாமல் இருந்திருந்தால் மரியாடிபிக்கு வேறு எண் இருந்திருக்கும், ஒவ்வொரு பூட்டிலும் ப்ரொசஸ் எண் கொஞ்சம் முன்பின்னாக மாறும். பூட்டின்போது எழும்பும் சேவைகளுக்குச் சில நூறு என்ற அளவில் எண் விழும், என் தராசும் அதே வரம்பில். ஆக என்றாவது ஒருநாள் இரண்டும் ஒன்றாக விழுந்தே தீரும், மாதக்கணக்கில் தப்பித்ததுதான் அதிசயம். சுடோ இல்லாமல் தட்டியிருந்தாலும் தப்பியிருக்கும், ஏனென்றால் வேறு ஆளுக்குச் சொந்தமான ப்ரொசஸோடு ஒட்ட சாதாரண ஆளுக்கு அனுமதி இல்லை.

சந்தேகம் தீர, கடையில் ஒரு மெஷினில் அதையே செய்து பார்த்தேன். ஜிடிபி ஒட்டிக்கொண்டதும் அந்த ப்ரொசஸின் எல்லாத் த்ரெட்டும், அதாவது அதற்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் எல்லாம், நிற்கிறது. பிஎஸ் கட்டளையில் நிலை என்ற இடத்தில் சின்ன எழுத்து டீ (t) தெரிகிறது, டீபக்கர் பிடித்து நிறுத்தியது என்று அர்த்தம். பெரிய எழுத்து டீ (T) என்றால் சாதாரணமாக நிறுத்தி வைத்தது. ப்ரோக் கோப்புறைக்குள் அந்த எண்ணின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால் ட்ரேசர்பிட் என்ற வரியில் பிடித்தவரின் எண்ணே இருக்கிறது. அன்றைக்கு நான் இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்திருந்தால் போதும். நான் பார்த்தது சேவையின் நிலையை மட்டும், அது ஓடுகிறது என்றே சொல்லும், ப்ரொசஸ் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் அதற்கு முக்கியம்.

கடை மெஷினில் உபுண்டு 22.04, அதில் ஜிடிபி 12. அது சும்மா இருக்கவில்லை, நீ கொடுத்த ப்ரோகிராமும் இந்த ப்ரொசஸும் ஒன்றல்ல என்று கத்தியது. இந்தச் சோதனை பதிப்பு 10இல்தான் வந்தது, தோட்டத்தில் இருப்பது டெபியன் 10இன் 8.2. ஆனாலும் புதியதை நம்பி உட்காராதீர்கள், அது கத்தும் நேரத்தில் அந்தப் பக்கம் ப்ரொசஸ் ஏற்கனவே நின்றுதான் இருக்கும்.

அப்புறம் ஒரு விஷயம், நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். முதலிலிருந்து தொடங்கவா என்று கேட்டதே, அதற்கு ஆம் என்று சொல்லியிருந்தால்? ஒட்டிக்கொண்ட நிலையில் ஜிடிபியை மூடினால் ப்ரொசஸை விடுவிக்கும், ரன் கொடுத்தால் கொன்றுவிடும். நிறுவை நேரத்தில் டேட்டாபேஸை ரூட்டாக நின்று கொன்றிருப்பேன். ஃபோன் அடித்ததால் தப்பியது, என் புத்தியால் அல்ல.

இனி சரியான வரி. ப்ரோகிராமுக்கு விவரம் கொடுத்துத் தொடங்க வேண்டுமென்றால்:

ஜிடிபி -க்யூ --ஆர்க்ஸ் ./நிறுவை 618 பதிவு

ஆர்க்ஸ் போட்டதும் ப்ரோகிராம் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் ப்ரோகிராமுக்கே சொந்தம், ஜிடிபி அதில் கை வைக்காது. அதனால் ஜிடிபிக்கான ஒப்ஷன்கள் எல்லாம் ஆர்க்ஸுக்கு முன்னால் வந்துவிட வேண்டும். மேலே உள்ள க்யூ, தொடக்கத்தில் வரும் பதிப்பு, உரிமம் பற்றிய நீட்டி முழக்கத்தை வெட்டும். அதைக் கடைசியில் போட்டால் நிறுவைக்குப் போய்ச் சேரும், அது என்ன இது என்று முழிக்கும். கோடு ஒன்று போட்டாலும் இரண்டு போட்டாலும் ஜிடிபி ஏற்கும், அதில் குழம்ப வேண்டாம்.

ஓடிக்கொண்டிருப்பதோடு வேண்டுமென்றே ஒட்ட வேண்டுமென்றால் பி ஒப்ஷனை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹிஸ்டரியில் பார்க்கும்போதே இது ஒட்டும் வரி என்று தெரியும். உயிருள்ள மெஷினில் அதோடு பேட்ச்சையும் சேர்க்காமல் நான் இப்போது தொடுவதில்லை:

ஜிடிபி -என்எக்ஸ் -பேட்ச் -பி எண் -இஎக்ஸ் 'த்ரெட் அப்ளை ஓல் பிடி'

இது ஒட்டும், எல்லாத் த்ரெட்டின் அழைப்பு வரிசையையும் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற பட்டியல்) கொட்டும், தானே விடுவித்துவிட்டு வெளியே போகும். கேள்வி கேட்டு நிற்காது, பக்கம் பக்கமாக நிறுத்தி என்டர் கேட்காது. உறைந்திருக்கும் நேரம் அழைப்பு வரிசையைக் கொட்டும் அளவுக்குத்தான். என்எக்ஸ் போட்டால் வீட்டுக் கோப்புறையில் யாரோ எப்போதோ எழுதிவைத்த ஜிடிபிஇனிட் கோப்புகள் ஓடாது, அடுத்தவர் மெஷினில் அது நல்லது. இஎக்ஸ் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், கட்டளை வரியில் போட்ட வரிசையிலேயே ஓடும். கட்டளைகள் நிறைய இருந்தால் ஒரு கோப்பில் எழுதி எக்ஸ் ஒப்ஷனில் கொடுக்கலாம்.

அதோடு, கோர் கோப்புக்கு 1204 மாதிரி எண்ணில் தொடங்கும் பெயர் வைத்திருந்தால் முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் இதே குழிதான். என்னைக் கேட்டால், எண்ணைப் பார்த்ததும் ப்ரொசஸாக இருக்கும் என்று ஊகிக்கும் இந்தப் பழக்கத்தை ஜிடிபி எப்போதோ விட்டிருக்க வேண்டும். பி என்று ஓர் எழுத்தைத் தட்டுவதற்கு யாருக்கும் கை வலிக்காது.

பழைய கோளாறு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதற்கு உயிருள்ள மெஷினைத் தொடவே தேவையிருக்கவில்லை என்பதுதான் எரிச்சல். சேவையின் கோப்பில் கோர் அளவுக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டேன், அடுத்த தடவை செத்தபோது கோர் விழுந்தது, அதைக் கடைக்குக் கொண்டுவந்து திறந்தேன். முதலில் அழைப்பு வரிசை முழுக்கக் கேள்விக்குறி. அங்கே டெபியன், இங்கே உபுண்டு, லைப்ரரிகள் வேறு. தோட்டத்து மெஷினின் லைப்ரரிகளை ஒரு கோப்புறையில் நகலெடுத்து, லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் செட் சிஸ்ரூட் கட்டளையால், ஐஇஎக்ஸ் ஒப்ஷனில் அந்தக் கோப்புறையைக் கொடுத்தேன். ஐஇஎக்ஸில் கொடுப்பது ப்ரோகிராமும் கோரும் ஏற்றப்படும் முன்பே ஓடும், இஎக்ஸ் அதற்குப் பிறகு. அப்புறம் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது: தராசு அனுப்பும் ஒரு வரி 16 எழுத்து, நாங்கள் ஒதுக்கிய இடம் 24. கரன்ட் போய் வரும்போது சில நேரம் வரிமுடிவு தொலைந்து இரண்டு வரி ஒட்டிக்கொண்டு 32 ஆக வருகிறது, நீளம் பார்க்காமல் நகலெடுக்கிறோம், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதியதை ஸ்டாக் காவல் என்ற பாதுகாப்பு பார்த்து ப்ரோகிராமைக் கொன்றுவிடுகிறது. நாலு வரித் திருத்தம். என் பதிவுக் கோப்பில் இது ஏன் ஒருநாளும் வரவில்லை என்றால், பதிவில் சேமிக்கும் இன்னொரு ஸ்க்ரிப்ட் வரிகளை அழகாகப் பிரித்துத்தான் சேமித்தது. மாதக்கணக்கில் சுத்தமான தண்ணீரில் மீன் தேடியிருக்கிறேன்.

தோட்டத்து அலுவலகத்துக்கு உண்மையை எழுதிக் கொடுத்தேன். கேபிள் காசைத் திருப்பிக் கொடுத்தேன். பதிவுக் கோப்புறைக்கு அனுமதியைச் சரியாகச் செட் பண்ணி, சுடோ பட்டியலில் இருந்து ஜிடிபியை எடுத்தேன். இரட்டையாக விழுந்த 11.4 கிலோவை எடுக்கப் போனபோது கணக்கப்பிள்ளை ஐயா, “அத விடுங்க தம்பி, அந்தப் புள்ள அன்னைக்கு முக்கா மணி நேரம் நனைஞ்சிருச்சு” என்றார். கணக்கு கணக்குதான் ஐயா என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பதிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக, தராசு இலக்கத்துக்கு முன்னால் ஆங்கிலத்து டீ (T) எழுத்து ஒன்றைச் சேர்த்தோம். எழுத்தில் தொடங்கினால் யாராவது ஆர்க்ஸை மறந்தாலும் ஜிடிபி அதை ப்ரொசஸ் எண்ணாக எடுக்காது, கோர் கோப்பு என்று தேடி இல்லையென்று சொல்லி நின்றுவிடும். தராசில் பெயின்டிலும் மாற்றி எழுதினார்கள். கணக்கப்பிள்ளை ஐயா தள்ளி நின்று அதை வாசித்தார்.

“டீ 618. கொழுந்து நிறுக்கிற தராசுக்கு டீன்னு இனிஷியல். சரிதான்.”